தெற்று முதலில், ஆட்டம் பிறகு

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு லில்லிபாய் அக்காவின் எண்ணிலிருந்து போன் வந்தபோது, நான் குன்னத்துகாலில் வண்டியிலிருந்து வாழைக்குலை இறக்கிக்கொண்டிருந்தேன். திங்கள்தோறும் அந்த நேரத்தில் அக்கா கூப்பிடுவார். ஞாயிறு நாங்கள் இருவரும் பேசி வெளியிட்ட கிரிக்கெட் பாட்காஸ்டில் நான் உளறிய தப்புகளை, எங்கள் பேச்சில் 'தெற்று'களை, வரிசையாகச் சொல்வார். அந்த வாரம் முதல்முறையாகத் தப்பு அவருடையது. கண்டுபிடித்தவன் நான். அவர் வாய் திறக்கும் முன்பே கத்தினேன்: "அக்கா, இந்த ஆழ்ச்ச தெற்று ஒங்களுக்காக்கும்!"

பதிலுக்கு வந்தது அவருடைய கணவர் செல்வராஜ் அண்ணனின் குரல். "மக்கா, லில்லி போயிட்டா. வெளுப்பாங்காலம் நெஞ்சு வலிக்குன்னா. ஆஸ்பத்திரி எத்துகதுக்கு முன்னயே முடிஞ்சு போச்சு."

நான் அழவில்லை. மிச்சக் குலைகளை இறக்கி வைத்துவிட்டு பாறசாலைக்குப் பஸ் ஏறினேன்.

'தையல்கடை கிரிக்கெட்' கேட்ட உங்களுக்கு அக்காவின் குரல் தெரியும். கடை தெரியாது. பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பள்ளிச் சீருடை தைக்கிற ஒற்றை அறை. ஞாயிறு சர்ச் முடிந்து வந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துணி மாட்டியிருக்கும் மூலையில் இரண்டு ஸ்டூல் போட்டு உட்காருவோம். துணி இருந்தால் எதிரொலி வராது என்பது அக்காவின் கண்டுபிடிப்பு. உலகக் கிரிக்கெட்டின் வரலாற்றை நாங்கள் நீலப் பாவாடைகளுக்கு நடுவில் ஒளிந்துகொண்டுதான் பேசினோம்.

எங்கள் பழக்கமே ஒரு பொய்யில் தொடங்கியது. என் மகள் ஜினிஷாவுக்குச் சீருடை அளவெடுக்கப் போயிருந்தேன். கடையில் இருந்த நாலு பேர் கேட்க, எண்பத்துமூன்று உலகக்கோப்பையில் ஜிம்பாப்வேயை நம் கேப்டன் தனியாளாக அடித்து நொறுக்கியதை டிவியில் பார்த்ததாக அளந்தேன். மெஷினிலிருந்து தலை நிமிராமல் அக்கா கேட்டார்.

"அந்தக் களிய ஒருத்தரும் கேமராவில எடுக்கல்லியே மக்கா. நீ மட்டும் எங்க இருந்து கண்டே?"

"இல்ல அக்கா... ரேடியோவில..."

"ரேடியோவிலயா கண்டே?"

எண்பத்துமூன்றில் எனக்கு எட்டு வயது. எங்கள் வீட்டில் கரண்டே கிடையாது. பத்தாம் வகுப்பை இரண்டு இன்னிங்ஸ் ஆடி முடித்த எனக்கு இவ்வளவு நேர்மையான பள்ளிக்கூடம் அதுவரை அமையவில்லை. அடுத்த வாரம், அளவெடுக்க யாரும் இல்லாதபோதும் போனேன்.

பாட்காஸ்ட் தொடங்கலாம் என்றதும் அக்கா ஒரே ஒரு சட்டம் போட்டார். "தெற்று முதல்ல, ஆட்டம் பொறவு. தப்பாச் சொன்ன வாய்தான் திருத்தணும்." அதனால்தான் ஒவ்வொரு வாரமும் முந்தின வாரத்தின் தெற்றோடு தொடங்கினோம். நாலு வருஷமும் அந்த இடத்தில் என் குரல்தான். முதல் உலகக்கோப்பை எழுபத்தைந்தில் என்று நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "அதுக்கு ரெண்டு வருஷம் முன்னயே பெண்ணுங்க உலகக்கோப்பை ஆடியாச்சு. ஆணுங்க பின்னால வந்தவங்களாக்கும். இத ரெண்டு தடவ சொல்லு" என்றார். இரண்டு தடவை சொன்னேன். நம் பெண்கள் கோப்பையை வென்ற மறுநாள், கழுத்தில் அளவு டேப்போடு ரயிலடி வரைக்கும் போய் லட்டு கொடுத்தார். வாங்கியவர்களிடமெல்லாம் அதே எழுபத்துமூன்றைச் சொன்னார். அதைக் கேட்டு நின்றதில் ரயிலைத் தவறவிட்ட ஒருவர் இப்போதும் நம் பாட்காஸ்டைக் கேட்கிறார்.

எடிட்டிங் ஜினிஷாவின் வேலை. "அப்பா பேசுகத எடிட் செய்ய ஒண்ணும் இல்ல, மொத்தமா வெட்டினாப் போதும்" என்பாள். அக்கா என் பக்கம் நிற்பார். "வெட்டாண்டாம் மக்கா. அவன் தெற்றிச் சொல்லலேன்னா எனக்கு என்ன வேல?"

இனி அந்தக் கடைசி வாரம். டெஸ்ட் வரலாற்றில் இரு அணியும் ஒரே ரன் எண்ணிக்கையில் சமனாக முடிந்த ஆட்டம் இரண்டுதான். ஒன்று பிரிஸ்பேன், இன்னொன்று சென்னை. சென்னையில் கடைசி விக்கெட் ரன் அவுட் என்று அக்கா சொல்லிவிட்டார். ரன் அவுட் பிரிஸ்பேனில். சென்னையில் எல்.பி.டபிள்யூ. தையல் படிக்கிற காலத்தில் ரேடியோவில் நேராகக் கேட்ட ஆட்டத்திலேயே சறுக்கிவிட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. நான் போனில் கத்தியது அதைத்தான்.

அடக்கம் முடிந்ததும் நம் நேயர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு வந்தது. பூவாரில் படகு ஓட்டும் ஷாஜு குரல் பதிவு போட்டான்: "அண்ணா, மரிச்சவங்க தப்பத் தோண்டாண்டாம். அது அப்பிடியே கெடக்கட்டு." பலரும் அவன் பக்கம். எனக்கும் அதுதான் சுகம். ஆனால் தெற்றைச் சொல்லாமல் தொடங்கினால் அது அக்காவின் பாட்காஸ்டே இல்லை. நான் சொன்னாலோ, தப்பாச் சொன்ன வாய்தான் திருத்தணும் என்ற சட்டம் குறுக்கே நின்றது. அந்த வாய் இனி வராது. இரண்டு ஞாயிறு ஒன்றும் வெளியிடாமல் இருந்தேன்.

மூன்றாம் வாரம் ஜினிஷா பழைய பதிவுகளைத் துழாவி, எங்கள் மூன்றாவது பாட்காஸ்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்தாள். உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கும் மறந்திருந்தது. அக்காவின் குரல்: "சென்னையில கடைசி விக்கெட்டு எல்.பி.டபிள்யூ ஆக்கும். இத நான் என்னைக்காவது மாத்திச் சொன்னா, அன்னைக்கோட கடையப் பூட்டியாச்சுன்னு வச்சுக்கோ." பின்னால் நான் சிரிப்பது கேட்கிறது.

செல்வராஜ் அண்ணனிடம் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்துச் சிரித்துவிட்டார். "சொன்ன சொல்லு மாறமாட்டா" என்றார். வரும் ஞாயிறு அந்தத் துண்டோடுதான் தொடங்குகிறோம். அவர் வாய், அவர் திருத்தம். ஷாஜுவும் சம்மதித்துவிட்டான்.

அவருடைய அளவு டேப்பை அண்ணன் எனக்குக் கொடுக்க வந்தார். வேண்டாம் என்றேன், எனக்கு அளக்கத் தெரியும் என்பது ஊருக்கே தெரியும். நான் வைத்துக்கொண்டது அவருடைய சட்டத்தை. அதன்படி இங்கேயும் ஒன்று பாக்கி இருக்கிறது. முதலில் சொல்லாமல் கடைசியில் சொல்வதற்கு அக்கா மன்னிக்கட்டும்.

செய்தி கேட்டு நான் அழவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அது தெற்று. குலைகளை இறக்கியவர் வண்டிக்காரர். நான் சாலையோரம் உட்கார்ந்து, அணைந்த போனைக் காதில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தேன்.