இருவருக்கு நடுவே ஒரு மைக்

மைக்கை எங்கே வைப்பது என்பதை மாமா வயலின் வில்லால்தான் அளப்பார். மேடையில் ஜமுக்காளத்தின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் சாய்த்துக்கொண்ட பிறகு, வில்லை எடுத்து முழங்காலிலிருந்து முன்பக்கமாகச் சாய்வாகத் தரையில் கிடத்துவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டிராயிங் சாரும் தன் வில்லை அதேபோல் எதிர்ச்சாய்வில் கிடத்துவார். இரண்டு நுனிகளும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மைக்கின் கால் நிற்க வேண்டும். "அந்தப் பக்கம் ஒரு வில்லு, இந்தப் பக்கம் ஒரு வில்லு. ஒரே மைக்குப் போதுங்க. ஏத்தறது எறக்கறது எல்லாம் நாங்க கையில பாத்துக்கறோம்" என்பார் மாமா. மைக்செட்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் சொன்ன இடத்தில் வைத்துவிடுவார்கள்.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. கம்பைநல்லூரில் புளி, மஞ்சள் வாங்கி விற்கிறவர். டிராயிங் சார் அரூரில் உயர்நிலைப் பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச்சில் பாட்டுக்கு வயலின் வாசித்துப் பழகிய கை அவருடையது. இளம் வயதில் இருவரும் ஒரே பேருந்தில் சேலம் போய் ஒரே வாத்தியாரிடம் கர்நாடக சங்கீதம் கற்றார்கள். அன்றிலிருந்து ஒருவரையொருவர் "பங்காளி" என்றே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் நெற்றியில் திருநீறு, இன்னொருவர் சட்டைக்குள் சிலுவை. இதென்ன பங்காளி உறவு என்று கேட்பவர்களிடம், "பாகம் பிரிச்சுகிட்டமில்ல, அப்ப பங்காளிதானே" என்பார் சார். மேல் ஸ்தாயி மாமாவுக்கு, கீழே மந்தர ஸ்தாயி சாருக்கு. இதுதான் அவர்களுடைய பாகப்பிரிவினை. மாமா வாசிக்கும்போது தோள் ஆடும், தலை ஆடும், வில் காற்றில் கிடந்து துள்ளும். சாரிடம் அசைவே இருக்காது. வில்லின் நடுப்பகுதியில் கொஞ்சத்தை மட்டும் வைத்து இழைப்பார். பார்ப்பவர்கள் மாமாவைத்தான் பார்ப்பார்கள். அதுபற்றி நான் ஒருமுறை சாரிடம் வருத்தப்பட்டபோது, "வூட்டைப் பாக்க வர்றவன் கடக்காலையா தம்பி பாப்பான்? அது பூமிக்குள்ள இருந்தாத்தான் வூடு நிக்கும்" என்றார்.

கச்சேரி கேட்டால் தேதியும் திதியும் குறித்துவைப்பது என் வழக்கம். எங்கள் அரூர் இசை மன்றத்தில் அவர்கள் இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தது, போன வருஷம் கார்த்திகை மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை. காலையிலிருந்து தூறல். மன்றத்துக்குப் புதிதாகச் செயலாளர் ஒருவர் வந்திருந்தார். பைப், மோட்டார் விற்கும் கடைக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் என் கோபத்துக்கு ஒரு முகம் கிடைத்திருக்கும். "ஆளுக்கொரு மைக் வெச்சாத்தான் மரியாதைங்க. ஒரே மைக் வெச்சா மன்றத்துக்கு வக்கில்லையாம்பாங்க" என்று சொல்லி, மாமா அளந்து காட்டிய இடத்தை விட்டுவிட்டு இரண்டு மைக்குகளை நட்டார். மந்தர ஸ்தாயி கொர்ரென்று இரைகிறது என்று மைக்செட்காரர் சாருடைய மைக்கின் ஒலியைப் பாதிக்குமேல் இறக்கிவிட்டார்.

அப்படியும் சாரின் வயலின் கேட்டது. நான் இரண்டாம் வரிசையில் இருந்தேன். காம்போதி ராகத்தில் மாமா மேலே ஒரு பிடியைப் பிடித்து நிறுத்த, அதே பிடியை சார் கீழே வாங்கி விரித்தபோது மண்டபத்தின் தரையே முனகியதுபோல் இருந்தது. செயலாளர் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். என் தொடையைத் தட்டி, "என்னங்க இது, சார் வாசிக்கறது அடிவயித்துல வந்து நிக்குது" என்றார். இதை நான் மறக்காமல் வைத்திருக்கிறேன். அவர் மறந்துவிட்டார்.

மறுநாள் யாரோ கைபேசியில் எடுத்த ஒரு துண்டுக் காட்சி ஊரெல்லாம் சுற்றத் தொடங்கியது. கைபேசியின் பொடி ஸ்பீக்கரில் மாமாவின் மேல் ஸ்தாயி மட்டும் கணீரென்று வந்தது. மந்தரம் சுத்தமாக விழவில்லை. திரையில் ஒருவர் துள்ளித் துள்ளி வாசிக்கிறார், இன்னொருவர் அசையாமல் வில்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 'வலது பக்கத் தாத்தா மியூட்ல இருக்காரு' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'சும்மா குச்சிய ஆட்டுனதுக்கும் பொன்னாடையா' என்று இன்னொருவர். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். முகம் தெரியாதவர்கள் எழுதியதை விட்டுவிடலாம். மண்டபத்தில் உட்கார்ந்து காதால் கேட்டவர்கள், காதில் விழுந்ததைத் தள்ளிவிட்டுக் கைபேசியில் பார்த்ததை நம்பினார்களே, அதை எப்படி விடுவது? செயலாளரிடம் நேராகவே கேட்டேன். "அடிவயித்துல வந்து நிக்குதுன்னு சொன்னது நீங்கதானேங்க?" அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "சொன்னேனுங்களா? வீடியோல கேக்கலையேங்க" என்றார்.

பழைய நூல்களைப் புரட்டினால் அவையடக்கம் என்று ஒரு பகுதி வரும். பெரிய பெரிய புலவர்கள் சபையைப் பார்த்து, நான் சிறியவன், என் பிழை பொறுத்தருளுங்கள் என்று கைகட்டி நிற்பார்கள். பாடுகிறவன் அவைக்கு அடங்க வேண்டும் என்று விதி செய்தார்கள். அவைக்கும் ஓர் அடக்கம் வேண்டும் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. அந்த விட்டுப்போன விதியின் பலனைத்தான் சார் அனுபவித்தார். கடைவீதியில் டீக்கடை வாசலில் அவரிடம் படித்த ஒருவனே, இப்போது அவனுக்கும் தலை நரைத்துவிட்டது, "என்னா சார், மியூட் எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். "எடுத்தாச்சுப்பா, உன் ரேங்க் கார்டு மட்டும்தான் பாக்கி" என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டு வந்தார். ஆனால் வீட்டுக்கு வந்து வயலின் பெட்டியைப் பூட்டி அலமாரியின் மேல் ஏற்றிவிட்டார். மாமா இரண்டு முறை வந்து கூப்பிட்டும் அதை இறக்கவில்லை. "எனக்குக் கை வலிக்குது பங்காளி" என்றாராம். கை வலிக்கவில்லை என்பது மாமாவுக்குத் தெரியும்.

மாசியில் மன்றம் மாமாவை மட்டும் தனியாக வாசிக்க அழைத்தது. மாமா உடனே ஒப்புக்கொண்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. "எப்படிங்க மாமா போவீங்க? சார் மூஞ்சியில எப்படி முழிப்பீங்க?" என்று கேட்டேன். "கூப்புட்டாங்கள்ல மாப்ள. போறேன். எம்பாகத்த நான் வாசிக்கறேன்" என்றார்.

மாசி மகம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மாலை. மாமா மேடையேறி ஜமுக்காளத்தின் நடுவில் உட்காராமல், எப்போதும் உட்காரும் இடது பாதியில் உட்கார்ந்தார். வலது பாதி வெறுமனே கிடந்தது. செயலாளர் ஓடிவந்து, "நடுவுல வாங்கய்யா, வீடியோவுக்கு நல்லா இருக்கும்" என்றார். மாமா காதில் வாங்காமல் வில்லைச் சாய்வாகக் கிடத்தி, "மைக்கு இங்க வரணும்" என்று காட்டினார். அது அவருக்கு நேரே இல்லை. இருவருக்கும் நடுவே இருந்தது. ஆனால் மேடையில் வயலினோடு இருந்தது ஒருவர்.

கல்யாணியில் தொடங்கினார். மேல் ஸ்தாயியில் ஒரு பிடி. பிறகு வில்லைத் தந்தியிலிருந்து தூக்கி, அப்படியே நிறுத்தி, தலையைக் காலியாகக் கிடந்த பாதியின் பக்கம் லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மண்டபத்தில் ஃபேன் சத்தம். பின்கட்டில் யாரோ டம்ளர் கழுவும் சத்தம். சார் அந்தப் பிடியை விரிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாரோ அவ்வளவு நேரம் கழித்து அடுத்த பிடி. மறுபடி வில் மேலே போயிற்று. முடிந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். கீர்த்தனையிலும் அப்படியே ஒரு வரி வாசித்து ஒரு வரி விட்டார். ஸ்வரம் வாசிக்கும்போது ஒரு சுற்று அவருடையது, ஒரு சுற்று யாருடையதும் இல்லை. மிருதங்கக்காரருக்குப் புரிந்துவிட்டது. அவர் தலை குனிந்தபடி, வெற்றுச் சுற்றுகளில் தாளத்தை விரல்நுனியால் மட்டும் காட்டிக்கொண்டு போனார். அதில் ஒரு வெற்றுச் சுற்றைப் பார்த்துத்தான் செயலாளர் பொன்னாடையோடு மேடையேறி மாமாவின் தோளில் போர்த்தினார். பொன்னாடை சரியச் சரிய மாமா தன் சுற்றில் வில்லை வைத்தார்.

சபைக்குப் புரியும், வெட்கப்படும் என்று நான் காத்திருந்தேன். எனக்குப் பின்னால் ஓர் அம்மாள் மூக்கை உறிஞ்சினார். "பாவம், மறந்துமறந்து போவுது. வயசாச்சில்ல" என்றார். அந்தச் சொல் வரிசை வரிசையாக முன்னே போயிற்று. கடைசியில் செயலாளர் மைக்கைப் பிடுங்கி எடுத்து, "இந்த வயதிலும் மறதியோடு போராடி வாசித்த ஐயாவுக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவோம்" என்று குரல் தழுதழுக்க அறிவித்தார். எல்லோரும் எழுந்தார்கள். மண்டபம் அதிர்ந்தது. நானும் மிருதங்கக்காரரும்தான் உட்கார்ந்திருந்தோம்.

பஸ் ஸ்டாண்டில் கம்பைநல்லூர் வண்டிக்கு நின்றபோது மாமா பொன்னாடையைச் சுருட்டி என் கையில் திணித்தார். "நாங்க ரெண்டு பேரும் சேந்து வாசிச்சு ஒருத்தனும் எந்திரிச்சதில்ல மாப்ள. இன்னிக்கு எந்திரிச்சு நிக்கறானுங்க" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். பேருந்து வந்ததும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டார்.

விடிவதற்குள் அந்தக் காட்சியும் கைபேசிகளில் ஏறிவிட்டது. மறதியில் தவித்த மூத்த கலைஞர், கண்கலங்கிய ரசிகர்கள் என்று தலைப்பு. இம்முறை அழும் முகங்கள். வேறு யாரும் காட்டுவதற்குமுன் நானே சாரிடம் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறக்கும்போதே உள்ளே வயலின் கேட்டது. இரண்டு வயலின்கள். ஒன்று கரகரவென்று சிறிதாக, மற்றொன்று முழுசாக, கீழே. முன்னறைத் தரையில் சார் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பித்தளைச் சொம்பு. சத்தம் பெரிதாகக் கேட்பதற்காகக் கைபேசியை அதற்குள் நிறுத்தியிருந்தார். மாமா வில்லைத் தூக்கும் இடத்தில் இவர் வில்லை வைத்தார். அங்கே கைதட்டல் வந்தது. கைதட்டலின் மேலேயே வாசித்தார். செயலாளர் பொன்னாடை போர்த்த வந்த சுற்றை முழுசாக வாசித்து முடித்து மாமாவிடம் ஒப்படைத்தார்.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். கண் சிவந்திருந்தது. "உங்க மாமன் கடைசிச் சுத்துல முந்திட்டான் தம்பி. பக்கத்துல நான் இல்லன்னா ஓடிருவான், எப்பவும் அப்படித்தான்" என்றார். சொம்பிலிருந்து கைபேசியை எடுத்து மாமாவைக் கூப்பிட்டார். "பங்காளி, உனக்கு எல்லாம் மறந்துபோச்சாமே? ஊரே அழுவுதுய்யா. பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்கு வா. அந்தக் கடைசிச் சுத்த நேர் பண்ணனும்."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சார் சர்ச்சிலிருந்து வந்ததும் மாமா பேருந்தில் வந்து சேர்கிறார். அந்த முன்னறையில்தான் வாசிப்பு. போன வாரம் செயலாளர் கேட்டருகே வந்து நின்றார். "ரெண்டு பேரையும் சேத்து மேடையேத்தறோங்க. 'மறதியை வென்ற நட்பு'ன்னு பேனர் கூட அடிச்சாச்சு. இப்ப சும்மா ஒரு நிமிஷம் ஒரு வீடியோ மட்டும் எடுத்துக்கறேன்" என்று கைபேசியைத் தூக்கினார். யார் எதை மறந்தது என்று கேட்க வாயெடுத்தேன். வீடியோவில் கேட்கவில்லையே என்றுதான் பதில் வரும். கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்தேன்.

உள்ளே மாமா வழக்கம்போல் வில்லை முழங்காலிலிருந்து தரையில் சாய்வாகக் கிடத்தினார். எதிர்ச்சாய்வில் சார் தன் வில்லைக் கிடத்தினார். சிமெண்டுத் தரையில் இரண்டு நுனிகளும் தொட்டுக்கொண்டன. மைக் நிற்க வேண்டிய அந்த இடத்தில் ஒன்றுமில்லை. இனி அங்கே எதையும் கொண்டுவந்து வைக்க எவரையும் நான் விடப்போவதில்லை.