பற்றறிக்குப் பின்னால் இருந்த துண்டு

1. அக்கா தன் பத்தொன்பதாவது வயதில் கொழும்புக்குப் போய், வானொலி நிலையத்தில் மூன்று பாடல்கள் பாடி ஒலிப்பதிவு செய்தாள்.

2. படிவத்தில் அவளுடைய பெயர் எழுதப்படவில்லை. சித்தப்பாவின் பெயர் எழுதப்பட்டது.

3. மூன்றில் ஒரு பாடல் நிலையத்தாருக்குப் பிடித்துப்போயிற்று. பிற்பகல் நிகழ்ச்சிகளில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

4. போடும் ஒவ்வொரு தடவைக்கும் கலைஞருக்கென்று ஒரு சிறு தொகை காசோலையாக அனுப்பப்பட்டது. அது மண்கும்பானில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனது.

5. அக்கா கலியாணம் முடித்து நெடுந்தீவுக்குப் போனாள்.

6. எட்டு வருடங்களுக்குப் பின், ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வானொலி திருத்தும் கடையில், நான் ஒரு றேடியோவின் பின்மூடியைக் கழற்றினேன்.

இப்படி எழுதி வைத்தால்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வருகிறது. நடந்துகொண்டிருந்தபோது எதுவும் இந்த வரிசையில் வரவில்லை. ஆறாவதுதான் முதலில் வந்தது. மற்றவை அதன் பின்னால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன.

தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் வானொலித் திருத்த வேலை படித்துவிட்டு அந்தக் கடையில் ஒரே பெண்ணாகச் சேர்ந்திருந்தேன். வருகிறவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு எனக்குப் பின்னாலுள்ள சுவரைப் பார்ப்பார்கள். "பிள்ளை, திருத்திறவர் எப்ப வருவார்?" என்று கேட்பார்கள். கடைக்கார அண்ணை உள்ளேயிருந்து, "அவர் வந்திட்டார், முன்னுக்குத்தான் நிக்கிறார்" என்பார்.

பின்மூடியைக் கழற்றிய அந்தக் கிழமைதான் அக்காவிடமிருந்து கடிதம் வந்திருந்தது. சங்கீத ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள், நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்திலும் ஓர் இடம் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். பரீட்சைச் சான்றிதழ் அவளிடம் இருந்தது. ஆனால் வானொலிக் கலைஞர்களுக்கு முன்னுரிமை என்றும், அதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும் என்றும் அறிவித்தலில் போட்டிருந்தது. "நான் பாடினதுக்கு எங்கையாவது ஒரு துண்டு இருக்கோ எண்டு பார். கடைசி நாளுக்கு ஏழு கிழமைதான் இருக்கு" என்று முடித்திருந்தாள். அத்தான் நான்கு மாடுகளையும் ஒரு துண்டுத் தோட்டத்தையும் வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர். அந்தச் சம்பளம் அந்த வீட்டுக்கு என்ன என்பதை அவள் எழுதவில்லை. எழுத வேண்டியும் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் சித்தப்பா தன் றேடியோவைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் அப்பாவின் தம்பி, பள்ளிக்கூட ஆசிரியர், ஆர்மோனியக்காரர். அக்காவுக்கு இசை சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

"ஒரே இரைச்சல், பிள்ளை. தட்டினால் கொஞ்ச நேரம் பாடுது."

"தட்டாதேங்கோ சித்தப்பா."

"பள்ளிக்கூடத்திலையும் உப்பிடித்தான் சொல்லுகினம்" என்று சிரித்துவிட்டு, தபாற்கந்தோருக்குப் போய் வருவதாகக் கிளம்பினார்.

மூடியைக் கழற்றினேன். பற்றறிகள் ஆடாமல் இருக்க எங்கள் ஆட்கள் எதையாவது மடித்து இடையில் செருகுவது வழக்கம். சிகரெட் பெட்டி மட்டை, பழைய கலண்டர்த் தாள், கலியாணக் கடித உறை, எல்லாம் பார்த்திருக்கிறேன். சித்தப்பா நாலாக மடித்த ஓர் அச்சுத் துண்டைச் செருகியிருந்தார். விரித்தேன். அக்காவின் பாடலின் முதல் வரி. ஒலிபரப்பான நாள், நேரம். மறு ஒலிபரப்புக் கட்டணம், காசோலையாக இத்துடன். கலைஞர் என்ற இடத்தில் சித்தப்பாவின் பெயர்.

பாடலைத் திரும்பப் போட்டால் காசு வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். றேடியோவின் ஒவ்வொரு கம்பியும் எங்கே போகிறது என்று சொல்லக்கூடியவளுக்கு, அதற்குள்ளிருந்து வரும் பாட்டு யாருக்கு என்ன கொண்டுபோகிறது என்று தெரிந்திருக்கவில்லை.

துண்டிலிருந்த எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். விட்டுப்போயிருந்த ஓர் இணைப்பை ஈயம் வைத்து ஒட்டினேன். துண்டை முன்பிருந்தபடியே மடித்து, பற்றறிக்குப் பின்னால் செருகி, மூடியைப் பூட்டினேன். சித்தப்பா வந்து போட்டுப் பார்த்து, "கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலைவரை கடை வாசலுக்கும் மேசைக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தேன். கடைக்கார அண்ணை, "பிள்ளை, நிலம் தேயப்போகுது. ஒண்டில் இரு, ஒண்டில் வீட்டை போ" என்றார்.

அக்காவின் பெயர் ஏன் போகவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. அக்காவைப் பாட விட்ட நாட்களில் அவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். கலியாணம் ஆகாத பெண்ணின் பெயர் வானொலியில் ஊர் ஊராகப் போவதா என்று அம்மாவின் பக்கத்தார் குழம்பினார்கள். பாடலாம், பெயர் சொல்லக்கூடாது என்று அப்பா முடிவு செய்தார். "குரலுக்கு முகம் இல்லைத்தானே" என்று அன்றைக்குச் சொன்னாராம். ஆகவே சித்தப்பா குழுத் தலைவராகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தார். பாடியவர் என்ற இடம் வெறுமையாகப் போனது. அறிவிப்பாளர் ஓர் ஆசிரியரின் பெயரைச் சொல்வார், ஓர் இளம்பெண்ணின் குரல் வரும். துறைமுகத்தில் நிற்பவர்கள் சித்தப்பாவைக் கண்டால், "மாஸ்ரர், தொண்டைக்கு என்ன மருந்து குடிக்கிறீர்?" என்று கேட்பார்கள்.

வானொலி நிலையத்துக்கு எழுதினேன். பதில் வரும்வரை ஒவ்வொரு பிற்பகலும் கடையில் திருத்தியிருந்த ஏதோவொரு றேடியோவை அந்த அலைவரிசையில் வைத்திருப்பேன். பாட்டு வந்தால் நாள், நேரம், நிகழ்ச்சி, அறிவிப்பில் சொன்ன பெயர் என்று கொப்பியில் கோடு போட்டுப் பிரித்த நான்கு நிரல்களில் குறிப்பேன். வராத நாட்களையும் குறித்தேன். வேலை செய்யும்போதே காது அங்கே போய்விடும். ஒருமுறை ஈயம் உருக்கும் சூட்டுக்கோலின் தவறான நுனியைப் பிடித்துவிட்டேன். பதில் வர மூன்று கிழமை எடுத்தது. ஏழில் நாலு போய்விட்டது.

பதில் மரியாதையாக இருந்தது. கட்டணம் படிவத்தில் உள்ள பெயருக்கே அனுப்பப்படும். மாற்றுவதானால் மூன்று வேண்டும்: படிவத்தில் பெயருள்ளவரின் கையெழுத்திட்ட கூற்று, பாடியவரின் கையெழுத்து சமாதான நீதவானின் அத்தாட்சியுடன், உரிமை கோரும் ஒலிபரப்புகளின் விபரம். மூன்றாவது என்னிடம் இருந்தது. முதலாவதுக்காக ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் மண்கும்பானுக்குப் பஸ் ஏறினோம்.

நான் கூற்றை முன்கூட்டியே எழுதிக் கொண்டுபோயிருந்தேன். சித்தப்பா கதிரையில் இருந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, இரண்டு தரம் வாசித்தார்.

"'என் பெயர் பிழையாக எழுதப்பட்டது.' ஆர் சொன்னது பிழையெண்டு?"

"பாடினது அக்காதானே சித்தப்பா."

"ஓம், பாடினவள். மெட்டுப் போட்டது ஆர்? ஆர்மோனியம் வாசிச்சது ஆர்? அவளுக்கு அங்கை பாட நாலு நிமிசம். மெட்டுக்கு எனக்கு மூண்டு மாசம்."

"எட்டு வருசமா செக் உங்களுக்குத்தானே வந்தது" என்றேன். இவ்வளவு நாளும் வாய்க்குள் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார்.

சித்தப்பா எழுந்து உள்ளே போனார். ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களுக்கு முன்னால் திறந்தார். ஆர்மோனியத்துக்கும் பெட்டியின் பக்கத்துக்கும் இடையில் உறைகள் அடுக்கியிருந்தன. உறைகளுக்குள் அதே மாதிரித் துண்டுகளோடு காசோலைகள். மாற்றவே இல்லை.

"முதல் செக்கை மாத்தப் போனனான். என்ரை வங்கிக் கணக்கு யாழ்ப்பாணத்திலை. போக வர பஸ், ஒரு தேத்தண்ணி, ஒரு வடை. கணக்குப் பாத்தால் எனக்கு நட்டம். அதுக்குப் பிறகு என்னத்துக்குப் போறது?"

ஒவ்வொன்றாக எடுத்து நாள் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட காசோலையை வங்கி எடுக்காது. இரண்டைத் தவிர எல்லாம் காலாவதியாகியிருந்தன. எட்டு வருடப் பாட்டுக்காசு, அந்த முதல் காசோலையைத் தவிர, யார் கைக்கும் போகவில்லை. சித்தப்பாவைப் பற்றி மனதுக்குள் நான் போட்டுவைத்திருந்த பட்டியல் ஒன்று இருந்தது. அதில் ஒவ்வொரு வரியாக வெட்ட வேண்டியிருந்தது.

"அப்ப ஏன் வைச்சிருக்கிறியள்?"

சித்தப்பா ஓர் உறையிலிருந்து துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "கலைஞர் எண்டு போட்டு என்ரை பேரை அடிச்சிருக்கு. வேறை எங்கை அப்பிடி அடிச்சிருக்கு, சொல்லு பாப்பம்?"

அக்கா தேடுவதும் அதைத்தான் என்று எனக்குப் பட்டது. இருவருக்கும் ஒரே துண்டு வேண்டியிருந்தது.

"நான் பிழையெண்டு கையெழுத்து வைக்கமாட்டன்" என்றார் அவர். "அண்டைக்கு அது பிழையில்லை. அண்ணை சொன்னவர், நான் செய்தனான்."

வெளியே பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. அதை விட்டால் அடுத்தது இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகுதான். நான் பேனையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அப்பா, "நான்தான் பேர் வேண்டாம் எண்டனான். அதை எழுது, பிள்ளை" என்றார்.

"அப்பா..."

"எழுது. தகப்பனின்ரை விருப்பத்தாலை பேர் போடேல்லை எண்டு எழுது. நானும் கையெழுத்து வைக்கிறன். அவன் ஏன் பிழைகாரனாகவேணும்?"

புதுத் தாளில் எழுதினேன். பாடியவர் அக்கா, இசையமைப்பு சித்தப்பா, பாடியவரின் பெயர் தகப்பனின் விருப்பப்படி அன்று குறிப்பிடப்படவில்லை. சித்தப்பா 'இசையமைப்பு' என்ற சொல்லில் விரலை வைத்து, அதை இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். எழுதினேன். கையெழுத்து வைத்தார். அப்பாவும் வைத்தார். தன் கையெழுத்தின் மை காயும்வரை அப்பா தாளை விடவில்லை.

அடுத்த நாள் குறிகட்டுவானுக்குப் போய்ப் படகு ஏறினேன். காற்று அதிகம். தாள்களைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். அக்காவின் குசினி வாசலில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஆர்மோனியப் பெட்டிக்குள் இருந்ததைச் சொன்னபோது அக்கா சிரித்தாள். அப்பா சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அவளுடைய மாமி, அத்தானின் தாய், ஒரு பக்கமாக இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "பேரை இனி றேடியோவிலை சொல்லுவினமோ?" என்று கேட்டார்.

"சொல்லுவினம், மாமி" என்றேன்.

மாமி சுளகை நிறுத்தினார். "ஆற்றை பேரைச் சேத்துச் சொல்லுவினம்? தகப்பன்ரையோ, என்ரை மோன்ரையோ?"

அக்கா தாளை வாங்கிக்கொண்டே, "என்ரையை மட்டும் எழுதியிருக்கு, மாமி" என்றாள். சுளகு மறுபடி தொடங்கியது. அக்கா சேலையை மாற்றிக்கொண்டு சமாதான நீதவான் வீட்டுக்கு என்னோடு நடந்தாள். அவர் எதிரில் கையெழுத்து வைக்கும்போது ஒருமுறை நிறுத்தி, தன் பெயரை வாசித்துப் பார்த்துவிட்டு மீதியை முடித்தாள்.

மூன்று தாள்களையும் பதிவுத் தபாலில் கொழும்புக்கு அனுப்பினேன். நிலையத்தின் பதில் விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குள் வரவில்லை. தினமும் தபாற்கந்தோருக்குப் போய் நின்றதில், தபால்காரர் என்னைக் கண்டதும் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டப் பழகிக்கொண்டார். ஆகவே கூற்றின் பிரதியையும் என் நான்கு நிரல் கொப்பியின் பிரதியையும் அக்கா விண்ணப்பத்தோடு இணைத்தாள். பதில் இரண்டு கிழமை பிந்தி வந்தது. ஒலிநாடாவின் அட்டையில் பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன, இனிவரும் கட்டணம் பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் பிரித்து அனுப்பப்படும், காலாவதியான காசோலைகளுக்குப் பதிலாக வேறு வழங்க இயலாது என்று இருந்தது.

இதை எழுதும் நாளில் நிலைமை இப்படி: அக்காவின் பெயர் அச்சிட்ட முதல் துண்டு வந்துவிட்டது. அதன் பிரதியைக் கல்வித் திணைக்களத்துக்குத் தனியாக அனுப்பியிருக்கிறோம். நியமனம் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தத் துண்டோடு வந்த காசோலை நெடுந்தீவில் அலுமாரிக்குள் இருக்கிறது, மாற்றப்படவில்லை. சித்தப்பாவுக்கு வந்த பாதிக் காசோலை ஆர்மோனியப் பெட்டிக்குள் இருக்கிறது. நேற்றுப் பிற்பகலும் பாட்டு வந்தது. அறிவிப்பாளர் இன்னமும் சித்தப்பாவின் பெயரைத்தான் சொன்னார். நாலாவது நிரலில் குறித்திருக்கிறேன்.