தம்பியின் தலை

கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஜார்ஜ் டவுன் அலுவலகம் ஒன்றில் விசா தாள்களைச் சரிபார்ப்பது என் வேலை. வருகிறவர்கள் எல்லாரிடமும் ஒரே பாட்டைத்தான் பாடுவேன்: படம் எடுத்த பிறகு முகத்தை மாற்றாதீர்கள். மீசையை வழித்துவிட்டு வந்து நின்றவர்களை நன்றாகத் திட்டியும் இருக்கிறேன்.

என் தம்பிக்கு உல்லாசக் கப்பலில் சமையல் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த வேலை. விசா நேர்காணல் செவ்வாய்க்கிழமை, கோலாலம்பூரில். அதில் தவறினால் கப்பல் வேறொருவனை ஏற்றிக்கொண்டு போய்விடும். எனக்குத் தூக்கமே இல்லை. விசா கிடைத்தால் தம்பி மொட்டை போடுவான் என்று தண்ணீர்மலை முருகனிடம் நேர்ந்துகொண்டேன். அவன் தலைதானே, என்னுடையது இல்லையே என்ற தைரியம். அதை அவனிடமும் சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கோ போய்விட்டு பட்டர்வொர்த் வீட்டுக்குத் திரும்பினான். தலை முழுக்கச் சந்தனம்.

"விசா கெடச்சப்புறம்தானேடா செய்யணும்" என்றேன்.

"சாமிக்கு மொதல்ல செஞ்சிட்டா, சாமியும் சீக்கிரம் செய்யும்னு நெனச்சேன் லா அக்கா."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பிறகு சந்தனத்தைக் கழுவி, படக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய் மொட்டைத் தலையோடு புதுப் படம் எடுக்க வைத்தேன்.

நேர்காணலில் அதிகாரி பாஸ்போர்ட்டில் இருந்த சுருட்டை முடியையும் எதிரே இருந்த மொட்டையையும் மாறி மாறிப் பார்த்துக் காரணம் கேட்டாராம். இவன் நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறான். அவர் சிரித்துவிட்டாராம். மறுவாரம் விசா வந்தது, மொட்டைப் படத்தோடு.

ஆனால் முதல் துறைமுகம் போய்ச் சேர்வதற்குள் முடி வளர்ந்துவிட்டது. அங்கே விசாவைப் பார்த்தவர் சந்தேகப்பட்டு, இவனை அரைமணி நேரம் ஓரமாக நிறுத்தி வைத்திருக்கிறார். அந்தப் பயத்தில், அங்கே போகும்போதெல்லாம் முன்கூட்டியே வழித்துவிடுகிறான்.

போன மாதம் வீடியோவில் தலையைக் காட்டினான். "அக்கா, நீ நேந்தது ஒரு மொட்டை. இது ஆறாவது."

வயிறு வலிக்கச் சிரித்தேன். போனை வைத்ததும் அழுகை வந்தது. அவன் இல்லாமல் வீடு வீடாக இல்லை.

மறுநாளே மலையேறினேன். அவன் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று மறுபடியும் ஒரு மொட்டை நேர்ந்துகொண்டேன். இந்த முறை என் தலை.