பூட்டுப் போட்ட டிரம்

செங்கொடிக்கு எடைமேடையில் வேலை. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு இருக்கிறது. அதன் வாசலில் வந்து ஏறும் லாரிகளுக்கு எடை பார்த்துச் சீட்டுப் போட்டுக் கொடுக்கிறாள். பத்தொன்பது வருடமாக அதே நாற்காலிதான். வெறும் வண்டியை எடை போடும்போது தண்ணீர் டிரம்மை நிரப்பிக்கொண்டு வருபவன், ஒரு சக்கரத்தை மட்டும் மேடைக்கு வெளியே இறக்கி நிறுத்துபவன், கிளீனரை உள்ளே படுக்கவைத்துத் தார்ப்பாயால் மூடிக்கொண்டு வருபவன் என்று எல்லாரையும் பார்த்தவள். இப்படிப் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தால் யாருக்கும் கண் கொஞ்சம் கோணத்தான் செய்யும். அவளுக்கு நன்றாகவே கோணிவிட்டது. பால்காரன் அளந்த பாலை மறுபடி அளப்பாள். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவன் தராசு இல்லாமல் வந்தால் படியேற விடமாட்டாள். தொழிற்சங்கக்காரரான அவள் அப்பா, எதையும் கேள்வி கேட்க வேண்டும் என்று சொல்லி வளர்த்தார். அவர் சொன்னது முதலாளிகளை. மகள் ஊரையே கேட்கக் கிளம்பிவிட்டாள்.

புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்தது இரண்டு நாய்கள். பன்னு என்கிற தாய், சோடா என்கிற அதன் குட்டி. உலகத்தில் அவள் சந்தேகப்படாத இரண்டே ஜீவன்கள் அவைதான்.

பொங்கிப் போட நேரமில்லாததால் வண்ணாரப்பேட்டையில் சௌக்கத் அலி கடையிலிருந்து இருபது கிலோ மூட்டையாக நாய்த்தீனி வாங்குவாள். மூட்டையைக் கிழித்துக் கொட்டாமல் பையோடு டிரம்முக்குள் இறக்கி வையுங்கள், எடுத்ததும் வாயை மடித்துக் கிளிப் போடுங்கள், தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் இருக்கட்டும் என்று அவர் முதல் நாளே சொன்னார். செங்கொடி தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், இவன் ஏன் கொட்ட வேண்டாம் என்கிறான் என்று யோசித்தாள். மூட்டையின் அடியில் பழைய சரக்கைக் கலந்திருப்பான், கொட்டினால் தெரிந்துவிடுமே என்று பயப்படுகிறான். வந்ததும் வராததுமாக முழு மூட்டையையும் டிரம்மில் கொட்டிக் கையை விட்டுத் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. அதனால் அவள் சந்தேகம் குறைந்துவிடவில்லை. ஒவ்வொரு மூட்டையையும் அப்படியேதான் கொட்டினாள்.

டிரம்முக்குப் பூட்டு வந்தது பென்னியால்.

பென்னி பக்கத்து வீட்டுக்காரன். நடுவில் ஒரே சுவர். துறைமுகத்தில் ராத்திரி ஷிப்டு, பகலில்தான் தூக்கம். செங்கொடி வேலைக்குப் போன பிறகு இந்த இரண்டும் சந்தில் போகிற வருகிறவர்களைப் பார்த்துக் குரைத்துத் தள்ளும். போன புரட்டாசியில் ஒருநாள் கண் சிவக்க வந்து வாசலில் நின்றான்.

"அக்கா, உன் நாய்ங்க பகலெல்லாம் கொலைச்சிகினே கீது. நான் எப்பதான் தூங்கறது? ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் இதுங்களுக்கு ஒரு முடிவு கட்டாம வுடமாட்டேன்."

தூக்கம் கெட்டவன் பேச்சு என்று வேறு யாராயிருந்தாலும் விட்டிருப்பார்கள். செங்கொடி அன்று மாலையே டிரம் மூடிக்குக் கொண்டி அடித்துப் பூட்டுப் போட்டாள். சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டாள். குளிக்கும்போதுகூட அது இறங்கவில்லை.

மார்கழியில் சோடா தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. அப்புறம் வாந்தி. நாலாம் நாள் விடிகாலையில் வாசற்படியில் விறைத்துக் கிடந்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு செங்கொடி அழுத அழுகையில் சந்து முழுக்க விழித்துக்கொண்டது. பென்னி அப்போதுதான் வேலை முடிந்து வந்தான். பைக்கை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் நின்று பார்த்தான். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கேட்காததுதான் அவன்மேல் விழுந்த முதல் சாட்சி. அன்றே ஸ்டேஷனில் மனு கொடுத்தாள்: நாய்க்கு விஷம் வைத்தது பக்கத்து வீட்டு பென்னி.

துறைமுகத்துக்குள் போக ஒரு பாஸ் வேண்டும். பென்னியின் பாஸ் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கப் போலீஸ் சான்று வேண்டும், அவன் பெயரில் மனு இருந்தால் சான்று வராது. பாஸ் இல்லையென்றால் வேலை இல்லை, அவ்வளவுதான். இரண்டு நாள் ராத்திரி வேலை பார்த்த கையோடு ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தான் என்று யாரோ சொன்னபோது செங்கொடிக்கு மனசு குளிர்ந்தது. அதை மறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. குளிரத்தான் செய்தது.

மூன்றாம் நாள் பன்னுவும் படுத்துவிட்டது. கண்ணின் வெள்ளை மஞ்சள் பூத்திருந்தது. இரண்டு ஆட்டோக்காரர்கள் மறுத்து, மூன்றாவது ஆள் சீட்டில் கோணி விரிக்கச் சொல்லி ஏற்றிக்கொண்டான். வேப்பேரி மாட்டாஸ்பத்திரியில் டாக்டரம்மா பன்னுவின் ஈறைத் தூக்கிப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். செங்கொடி பென்னி கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். டாக்டரம்மா நடுவில் நிறுத்தினார்.

"மருந்து வெச்சிருந்தா இத்தனை நாள் தாங்காதும்மா. கல்லீரல் கெட்டிருக்கு. இது கொஞ்சம் கொஞ்சமா உள்ள போனது. தீனியை எதுல வைக்கிறீங்க?"

டிரம்மில் என்றாள். கடைசியாக எப்போது கழுவிக் காயவைத்தீர்கள் என்று கேட்டார்.

செங்கொடிக்குக் கேள்வியே விளங்கவில்லை. அவள் பிறந்த வீட்டிலும் சரி, வாழ்ந்த வீட்டிலும் சரி, அரிசி டிரம்மை அடிவரை வழித்ததில்லை. ஒரு பிடியாவது மிச்சம் வைத்து அதன்மேல்தான் புது அரிசி கொட்டுவார்கள். துடைத்து வைத்தால் வீட்டில் இல்லாமை வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று பயம். சாமியைக்கூட ரசீது கேட்கிறவள், இந்த ஒன்றை மட்டும் ஏன் என்று கேட்டதில்லை. நாய்த்தீனி டிரம்முக்கும் அதே வழக்கம். இரண்டு வருடத்தில் எத்தனை மூட்டை கொட்டினாளோ, ஒருமுறையும் டிரம்மைக் கவிழ்க்கவில்லை.

அடியில் இருப்பதை ஒரு பிடி கொண்டு வரச் சொன்னார் டாக்டரம்மா. பன்னுவை அங்கே குளுக்கோஸ் பாட்டிலோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். பூட்டைத் திறந்து, மேலே இருந்ததைத் தார்ப்பாயில் கொட்டி, டிரம்மைத் தலைகீழாகத் தட்டினாள். கடைசியில் ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. கெட்டுப்போன எண்ணெயின் நாற்றம். உப்பு ஜாடியே தண்ணீர் விட்டுக்கொள்ளும் கடலோர ஊர். தரையோடு வைத்த டிரம்மில், எண்ணெய்ப் பசையுள்ள தீனி இரண்டு மழைக்காலம் கிடந்தால் வேறு என்ன ஆகும்?

முதலில் அவள் நினைத்தது என்ன தெரியுமா? இதையும் பென்னிதான் உள்ளே போட்டிருப்பான் என்று. கை தானாக இடுப்புக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது. ஒரே சாவி.

அப்போதுதான் போன மாதப் புயல் மழை ஞாபகம் வந்தது. அந்த மாதம் மூட்டை வரத் தாமதமாகி, பத்து நாள் அடியில் இருந்ததைக் குவளையால் சுரண்டிச் சுரண்டிப் போட்டிருந்தாள். சோடா அதை முகர்ந்து பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது. சாப்பிடுடா கண்ணு என்று கெஞ்சியவள் அவள். அவளுக்காகத்தான் அது தின்றது. டிரம்மைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை டாக்டரம்மாவின் சீட்டு கையில் இருந்தது. பூஞ்சை விஷம் என்று எழுதியிருந்தது. பன்னு பிழைத்துக்கொள்ளும், ஆனால் வாழ்நாள் முழுக்கப் பத்தியம். செங்கொடி பென்னியின் கதவைத் தட்டி, ஸ்டேஷனுக்கு வா, மனுவைத் திரும்ப வாங்கப் போகிறேன் என்றாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். இது புதுசாக என்ன வலை என்று யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. பத்தடி பின்னால்தான் நடந்து வந்தான்.

மனு எழுதி வாங்கும் ஸ்டேஷன் ரைட்டர் விவரம் தெரிந்தவர். சும்மா வாபஸ் என்று எழுதினால் சமாதானம் பேசி முடித்தார்கள் என்றுதான் அர்த்தமாகும், பாஸ் கொடுக்கிற இடத்தில் அது பையன்மேல் கறையாக நிற்கும் என்றார். காரணம் எழுத வேண்டும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"அப்ப நாய்க்கு விஷம் வெச்சது யாரும்மா?"

ஸ்டேஷனில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவள் யார்டுக்கு வரும் டிரைவர் ஒருவனும் இருந்தான்.

"நான்தான் சார். என் கையாலயே போட்டேன். என் பேரையே எழுதிக்கோங்க."

ரைட்டர் எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். ஒரு நகலைப் பென்னியிடம் கொடுத்தார்கள். அவன் அதை மேலிருந்து கீழ்வரை படித்தான், திருப்பிப் பின்பக்கம் பார்த்தான், மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"இதுல உள்ள எதுனா சூது வெச்சிக்கீறியாக்கா?" என்று கேட்டான்.

இல்லை என்றாள்.

அவன் நம்பவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்ற கான்ஸ்டபிளிடம் போய், இது சரியாகத்தான் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டான்.