அவளுக்கு வலிக்காமல் நிற்கிற பிரேக்

என் மனைவி எஸ்தர் இப்போது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுகம் கிடைத்த சாட்சி என்று நினைத்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது. ஆனாலும் என் ஜெபத்துக்கு ஆண்டவர் பதில் கொடுத்தார். எங்கே கொடுத்தார் தெரியுமா? டெல்லி காஷ்மீரி கேட்டில், பிரேக் சாமான் விற்கிற கடையில்.

போன குளிர்காலத்தில் அவளுக்கு முதுகு வலி வந்தது. மார்பில் வந்து, ஆபரேஷன் செய்து, போய்விட்டது என்று நாங்கள் ஸ்தோத்திரக் கூட்டம்கூட வைத்த அதே புற்றுநோய். எலும்புக்குள் போய் உட்கார்ந்திருந்தது. ரேடியேஷன் கரண்ட் வைக்க வேண்டும், தினமும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். டாக்ஸியில் ஒரு நாள் போனோம். அந்தக் குலுக்கலில் ஒரு நாளே போதும் என்றாகிவிட்டது. அப்புறம் எங்கள் பழைய காரிலேயே முன் சீட்டைச் சாய்த்து, தலையணை அடுக்கிக் கூட்டிப் போனேன்.

வண்டி ஓடும்போது பொறுத்துக்கொள்வாள். நிற்கும்போதுதான் அவளுக்கு உயிர் போகும். டெல்லியில் நிற்காமல் எங்கே போவது? ஆர்.கே. புரத்து குவார்ட்டர்ஸை விட்டு வெளியே வந்தாலே சிக்னல். சரோஜினி நகர் மார்க்கெட் பக்கம் ஆட்டோக்காரன் குறுக்கே விடுவான்.

அந்த நேரம் பார்த்து பிரேக் பேட் தேய்ந்துபோனது. காஷ்மீரி கேட் போனேன். இந்த மாடலுக்குக் கம்பெனி பேட் வருவதில்லை, வேறு ஆட்கள் செய்ததுதான் இருக்கிறது என்று கடைக்கார சர்தார்ஜி நாலு டப்பாவை எடுத்து வைத்தார். எனக்கு என்ன தெரியும்? "நல்லா பிடிக்கிறதா கொடுங்க" என்றேன். "இதப் போட்டா லாரியே நிக்கும், பாய் சாப்" என்று ஒன்றைத் தட்டிக் கொடுத்தார்.

பொய் சொல்லவில்லை அவர். காலை வைத்தால் போதும், வண்டி வெடுக்கென்று நின்றது. முதல் சிக்னலிலேயே எஸ்தர் "அம்மா!" என்று கத்திவிட்டாள்.

கடையில் ஏன் விஷயத்தைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் சபையில் ஒரு பழக்கம். வியாதியை வாயால் அறிக்கை செய்யக் கூடாது, சுகமாகிவிட்டது என்றே சொல்ல வேண்டும். நானும் ஆபீஸில், அக்கம்பக்கத்தில், யார் கேட்டாலும் "நல்லா இருக்கா, ஸ்தோத்திரம்" என்றுதான் சொல்லிவந்தேன். அவளுக்கு அது பிடிக்காது. திருநெல்வேலிக்காரி, பட்டென்று கேட்பாள்.

"ஏங்க, வலிக்குன்னு நான் சொல்லாட்டா ஆண்டவருக்குத் தெரியாமப் போயிருமாக்கும்?"

அந்தப் பேட் போட்ட அன்றைக்கு, ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கூட்டிப் போனபிறகு பார்க்கிங்கில் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். சுகம் கேட்க வாய் வரவில்லை. "ஆண்டவரே, அவளுக்கு ரொம்ப வலிக்குது. இந்தப் போகிற வழியிலாவது வலிக்காம இருக்கட்டும்" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம். வலிக்கிறது என்று அவரிடம் அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சொன்னேன்.

சனிக்கிழமை அதே கடைக்குப் போனேன்.

"என்ன பாய் சாப், பிடிக்கலையா?"

"நல்லா பிடிக்குது."

"அப்புறம் என்ன கஷ்டம்?"

என் வாய் தானாகத் திறந்தது. "என் பொண்டாட்டிக்குக் கேன்சர். வண்டி நிக்கும்போது அவளுக்கு வலிக்குது." கடை நிறைய ஆட்கள். அத்தனை பேர் முன்னால் அழுதேன்.

சர்தார்ஜி ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அரே, இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? நீங்க வண்டியில மலை ஏறப் போறீங்கன்னு நெனச்சேன்." உள்ளே போய் வேறொரு செட் கொண்டுவந்தார். இது வெடுக்கென்று பிடிக்காது, ஆனால் சரியாக நிற்கும் என்றார். பேட் பிடிக்கிற டிஸ்க் தட்டு வளைந்திருந்தால் எந்த பேட் போட்டாலும் உதறும், அதையும் மாற்றச் சொன்னார். "மாட்டினதும் அவங்கள ஏத்தாதீங்க. ஆளில்லாத ரோட்டுல மெள்ள மெள்ள பிரேக் போட்டு ஓட்டுங்க. பேட் நல்லா உட்காரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சாந்தி பாத் ரோட்டுக்குப் போனேன். போவேன், நிற்பேன். போவேன், நிற்பேன். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அவள் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். ஒரு போலீஸ்காரர் கிட்டே வந்து, "வண்டி ஓட்டக் கத்துக்கிறீங்களா?" என்றார். ஆமாம் ஐயா என்றேன். உண்மைதானே.

திங்கட்கிழமை கிளம்பினோம். பாதி வழியில் அவள் தூங்கிவிட்டாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் வந்த தூக்கம். ஒரு சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தபோது கண் விழித்துப் பார்த்தாள்.

"ஏங்க, நின்னுட்டோமா?"

 தலையை ஆட்டினேன்.

"எனக்குத் தெரியவே இல்லையே" என்றாள். அப்புறம் ஒரு சிரிப்பு. "கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்படி ஓட்டியிருக்கலாம்லா!"

அதற்குப் பிறகு போகும்போதும் வரும்போதும் பேசிக்கொண்டே வருவாள். வீட்டில் வலியோடு சுருண்டு கிடந்தவள், காரில்தான் எனக்கு மறுபடி கிடைத்தாள். கோடை தொடங்கும் நாளில் ஆண்டவர் அவளை எடுத்துக்கொண்டார். இனி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றும் அந்தக் காரில்தான் வந்தோம். வழி முழுக்க என் தோளைத் தொட்டுக்கொண்டே வந்தாள்.

சபையில் இதைச் சொன்னபோது ஒருவர் கேட்டார், "சுகம் கிடைக்கலையே பிரதர், இது எப்படிச் சாட்சி ஆகும்?" நியாயமான கேள்விதான். ராத்திரியானால் நானும் அதைக் கேட்டு அழுகிறவன்தான். ஆனால் நான் கேட்டதை அவர் கொடுத்தார். அதை இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

பிரியமானவர்களே, வலிக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். மனுஷரிடமும் சொல்லுங்கள். அவர் யார் கையால் பதில் அனுப்புவார் என்று நமக்குத் தெரியாது.

இந்த டெல்லியில் என் காருக்கு இன்னும் சில மாதம்தான் ஆயுசு. சட்டப்படி வண்டிக்கு வயசு முடிந்தால் ரோட்டில் விடமாட்டார்கள். அதுவரைக்கும் மாடி வீட்டு பீகார்க்காரம்மாவை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். செவ்வாயும் வெள்ளியும் அவர்களுக்கு. மற்ற நாள் எஸ்தர் படுத்திருந்த சீட் காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது தேவையென்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மெதுவாகத்தான் ஓட்டுவேன்.