ஜன்னல் சீட்டும் ஆறு இலக்க நம்பரும்

இன்று வத்தலக்குண்டு பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் என் நாத்தனார் ரீத்தா.

எண்பதுகளில் நாங்கள் இருவரும் செண்பகனூரில் பஸ் ஏறினால் ஒரு வழக்கம் உண்டு. டிக்கெட்டில் இருக்கும் ஆறு இலக்க நம்பரை, ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டுவோம். யாருக்குப் பெரிதாக வருகிறதோ அவருக்கு ஜன்னல் சீட்டு. கொண்டை ஊசி வளைவுகளில் இருவருக்குமே குமட்டும். அதனால் அதை விளையாட்டு என்று சொல்ல முடியாது.

“மொதல்ல நீங்க வாங்குங்க மதினி” என்பாள், அத்தனை மரியாதையாக.

வாங்குவேன். தோற்பேன். அபூர்வமாக ஜெயித்தால் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி.

இன்று நான் பைக்குள் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் அவளுக்கு முதலில் கிழித்துவிட்டார். 527416. கூட்டினால் இருபத்தைந்து, அதையும் கூட்டினால் ஏழு.

எனக்கு 527417. எட்டு!

அவள் முகம் தொங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்தடுத்த நம்பர் என்றால், பின்னால் வாங்குகிறவளுக்கு ஒன்று கூடத்தானே வரும்!

“ஏண்டி, இது ஒனக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியும் மதினி. ஒங்களுக்கு ஒம்போது விழுந்தா மட்டும் எனக்கு ஒண்ணுதான் விழும். அன்னைக்குத்தான் நீங்க ஜெயிப்பீங்க.”

ஆக, நான் ஏற்றிய மெழுகுவர்த்தியெல்லாம் ஒன்பதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மூன்றாவது வளைவிலேயே அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். “மதினி, கொஞ்சம் எடம் மாறிக்கிருவோமா?”

நான் ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு, மலைக் காற்றை நன்றாக இழுத்துவிட்டேன்.

நீங்களாக இருந்தால் மாறியிருப்பீர்களா? நாத்தனார் உள்ளவர்கள் மட்டும் சொல்லுங்கள்.