துபாய் உறைமோர்

மதுரையில் நான் சிகிச்சை பெறும் மருத்துவமனையின் நடையில் காத்திருப்பவர்கள் எல்லோரும் பாதி வைத்தியர்கள். ஒருவர் முள்சீத்தாப்பழம் என்பார், இன்னொருவர் கருஞ்சீரகம் என்பார். பத்திரப்பதிவுத் துறையில் ஓய்வு பெற்ற எனக்கு, அத்தாட்சி இல்லாத எதையும் ஏற்கும் பழக்கமில்லை. நீங்களும் அந்த நடையில் உட்கார்ந்திருப்பவரானால் இது உங்களுக்குத்தான்.

எனக்கு நுரையீரலில் புற்று. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்பு அணுக்களுக்கு இருக்கும் தடையை விலக்கி, அவை புற்றைத் தாக்கும்படி விடும் சிகிச்சை).

முதல் நாளே மருத்துவர் என் குடலைப் பற்றி விசாரித்தார். அங்கே வாழும் பாக்டீரியாக்களுக்கும் இந்த மருந்தின் பலனுக்கும் தொடர்பு இருப்பதுபோல் தெரிகிறதாம்.

"அப்ப நல்ல பாக்டீரியா மாத்திரை சாப்பிடலாமா?" என்றேன்.

"வேண்டாம் சார். கடையில விக்கிற ப்ரோபயாடிக் (உயிருள்ள நுண்ணுயிர்களை அடைத்த மாத்திரை) இந்த மருந்தோட பலனைக் குறைக்கலாம்னு ஒரு சந்தேகம் இருக்கு. பயறு, கீரை, காய்னு நார்ச்சத்தாச் சாப்பிடுங்க. வீட்டுத் தயிர் பரவாயில்ல."

துபாயிலிருக்கும் என் மகன் அதற்குள், ஊருக்கு வந்த ஆளிடம் அதே மாத்திரையில் ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருந்தான். தூக்கிப் போடச் சொன்னேன். என் மனைவி சபுரா தலையாட்டினாள்.

கொஞ்ச நாளில் வீட்டுத் தயிர் நூலாக இழுத்தது. புளிப்பே இல்லை. சமையலறைக்குப் போனால், சபுரா ஒரு மாத்திரையின் கூட்டைப் பிரித்து வெதுவெதுப்பான பாலில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்ற?"

"ஒறை ஊத்துறேன். மாத்திரைதானே வேணாம்னாக? தயிரு சாப்பிடலாம்னுட்டாகள்ல. புள்ள ஆசையா அனுப்புனதைக் குப்பையிலயா போடச் சொல்றீக?"

சட்டத்தில் ஓட்டை தேடி என் மேஜைக்கு வந்த வக்கீல்கள் ஒருவரும் இவளுக்கு ஈடாக மாட்டார்கள்.

மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அது வீட்டுத் தயிர் இல்ல சார். ஒரு மாத்திரையைச் சட்டி நிறைய வளர்த்திருக்கீங்க. நிறுத்துங்க. ஸ்கேன்ல பார்ப்போம்."

தயிரைக் கொட்டினோம். டப்பாவும் போனது. பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கித் தோய்த்தோம். மறுநாள் அதுவும் நூலாக இழுத்தது.

"அவங்களுக்கு உறைமோர் யார் குடுத்தது?"

"நாந்தேன். போன வாரம் கேட்டு வந்தாக."

எதிர்வீட்டுக்கும் அவள்தான் கொடுத்திருந்தாள். சொத்துக்கு வில்லங்கம் பார்ப்பதுபோல் தெருவில் விசாரித்தேன். மகன் அனுப்பிய பாக்டீரியா வீடு வீடாகக் குடியேறியிருந்தது.

"தயிரு நல்லாத்தேன் இருக்கு பாய்," என்றார் எதிர்வீட்டுக்காரர். "உங்க டாக்டரு எங்களையும் திங்க வேணாம்னாரா?"

தொலைபேசியில் பேசிய மகனுக்கு மனத்தாங்கல். "எல்லாரும் நல்லதுன்னுதானே அத்தா சொல்றாக?"

"எல்லாருக்குமா கட்டி இருக்கு? எனக்குத்தானே இருக்கு," என்றேன்.

சட்டியை வெந்நீரில் கழுவச் சொல்லிவிட்டு மானகிரிக்குப் பேருந்து ஏறினேன். அங்கே மாடு வைத்திருக்கும் கொழுந்தியாளிடம் உறைமோர் வாங்கினேன். அதற்கு முன் அவள் சபுராவிடம் எதுவும் வாங்கவில்லை என்று இரண்டு முறை உறுதிசெய்துகொண்டேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்கேன் வரை தூக்கமும் சரியாக வரவில்லை. வீட்டுப் பாசத்தால் மருந்து வீணானது என்று யார் இறப்புச் சான்றிதழில் எழுதுவார்கள்?

ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது.

"தயிரை நிறுத்துனதாலயா டாக்டர்?" என்றாள் சபுரா.

"தெரியாதும்மா. மருந்து வேலை செய்யுது. அது மட்டும்தான் தெரியும்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அவர். அதனால்தான் அவர் பேச்சைக் கேட்கிறேன்.

இந்த உடம்பு என் ஒருவன் பெயரில் உள்ள சொத்து என்று நம்பியிருந்தேன். இதில் கணக்கற்ற குடித்தனக்காரர்கள். காலி செய்யச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. எனக்குப் பிடிக்காத கொத்தவரங்காயை இன்று அவர்களுக்காகத்தான் மென்றேன்.

நலம் விசாரிக்க வருபவர்கள், தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்கிறார்கள். மூன்று வாரம் என்கிறேன். போய்விட்டு, அடுத்த தவணை மருந்து ஏறிய பிறகு மறுபடி வந்து கேட்கிறார்கள்.

மூன்று வாரம் என்கிறேன்.